ரகசியமாக வைத்த போனஸ்

அன்புள்ள ஐயா,

செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். 22 பேர் வேலை செய்கிறார்கள். சென்ற ஆண்டு கோட்டை மாரியம்மன் ஆடிப் பண்டிகைக்கு, முன்கூட்டிச் சொல்லாமல், ஆளுக்கொரு எவர்சில்வர் தூக்குப்போசி கொடுத்தேன். ஒரு மாதம் பட்டறையே கலகலப்பாக இருந்தது. அதைப் பார்த்து, தீபாவளி போனஸ் எவ்வளவு என்பதையும் கடைசி நாள்வரை ரகசியமாக வைத்துக் கொடுத்தேன். யார் முகத்திலும் மகிழ்ச்சி இல்லை. இந்த ஆடிக்கு மறுபடி தூக்குப்போசி. வாங்கி வைத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். ஆட்களை மகிழ்விக்க நினைப்பது வீண் வேலையா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகர், சேலம்

அன்புள்ள நண்பருக்கு,

வீண் வேலை இல்லை. ஆனால் நடுவில் செய்ததைப் பற்றி முதலில் பேசவேண்டும்.

போனஸ் உங்கள் ஆட்களின் உரிமை. 1965ஆம் ஆண்டின் போனஸ் சட்டம் ஆண்டு ஊதியத்தில் 8.33 சதவீதத்தைக் குறைந்தபட்ச அளவாகவே வகுத்தது. அந்தப் பணத்தை நம்பித்தான் வீட்டில் கணக்குப் போடுகிறார்கள்: பிள்ளைகளுக்குத் துணி, மகளுக்குத் தலைத்தீபாவளிச் சீர், அடகில் கிடக்கும் தோடு. எவ்வளவு வரும் என்று தெரியாதவர் எதைத் துணிந்து வாங்குவார்? நீங்கள் மூடிவைத்த அத்தனை நாளும் அவர்கள் பயந்துகொண்டிருந்தார்கள். கடைசி நாளில் வந்தது வெறும் நிம்மதி. அடுத்த ஆண்டு புரட்டாசியிலேயே தொகையைச் சொல்லிவிடுங்கள்.

தூக்குப்போசி விஷயம் வேறு. வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற மூளை ஆய்வாளர் 1990களில் குரங்குகளுக்குப் பழச்சாறு கொடுத்துப் பார்த்தார். எதிர்பாராமல் கிடைத்த சாற்றுக்கு, டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் மூளை நரம்பணுக்கள் துள்ளின. விளக்கு எரிந்தால் சாறு வரும் என்று பழகிய பிறகு, சாற்றுக்கு அவை அசையவில்லை. வரவேண்டிய நேரத்தில் வராவிட்டால் அடங்கிப்போயின. உங்கள் பட்டறையில் ஆடி மாதமே அந்த விளக்காகிவிட்டது. நன்றியில்லாதவர்கள் என்று அவர்களை நினைத்துவிடாதீர்கள்.

2012இல் வெளியான ஒரு ஜெர்மன் ஆய்வையும் சொல்கிறேன். நூலகப் புத்தகங்களைப் பட்டியலிட வந்த மாணவர்களில் சிலருக்குப் பேசிய கூலிக்கு மேல் 7 யூரோ கொடுத்தார்கள். வேலையில் பெரிய மாற்றம் இல்லை. அதே விலையில் ஒரு ஃபிளாஸ்க்கைப் பொதிந்து கொடுத்தபோது வேலை சுமார் 25 சதவீதம் கூடியது. பணத்தையே காகித வேலைப்பாடாக மடித்துக் கொடுத்தபோதும் கூடியது. தங்களுக்காக ஒருவர் உட்கார்ந்து மடித்திருக்கிறார் என்பது அவர்களுக்குப் போதுமானதாக இருந்திருக்கிறது.

என் அம்மா ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தில் பழம் பறித்தவர். மாலையில் எடை போடும்போது ஈரத்துக்கென்று கழித்துக்கொள்வார்கள். அந்தக் கோபம் கடைசிவரை அவருக்கு ஆறவில்லை. அதே தோட்டத்தில், ஒரு மார்கழித் தூறலில், புதிதாக வந்த மேஸ்திரி எடை போடும் இடத்தில் அடுப்பு மூட்டி, அண்டா நிறையச் சுக்குக் காப்பி வைத்திருந்தாராம். "எங்கள் விரல் விறைத்துப்போனதை அந்த மனிதர் பார்த்திருக்கிறார்" என்று முப்பது ஆண்டு கழித்தும் சொல்வார். அந்தக் காப்பி எடைக் கழிவை மறக்கடிக்கவில்லை. இரண்டையும் அம்மா தனித்தனியாகவே நினைவில் வைத்திருந்தார்.

பற்றவைப்பவர்களின் கண்ணும் மெருகு போடுபவர்களின் இடுப்பும் மாலையில் என்ன பாடுபடுகின்றன என்று ஒரு வாரம் பாருங்கள். என்ன செய்யலாம் என்பது உங்களுக்கே தெரிந்துவிடும். தூக்குப்போசியை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். அடுத்த ஆடியில் அதை எதிர்பார்ப்பார்கள்.