அயோவா வீட்டுத் தோட்டத்தில் வைத்த பிக் புளூஸ்டெம் புல் ஏன் சாய்ந்து விழுகிறது?

பெரும்பாலும் உரமும் தண்ணீரும்தான் காரணம். பிக் புளூஸ்டெம் பிரெய்ரிப் புல், அதாவது வட அமெரிக்காவின் திறந்த புல்வெளிகளில் தானாக வளர்வது. ஊட்டி வளர்த்தால் கெட்டுப்போகும். நைட்ரஜன் கிடைத்தால் தண்டு மளமளவென்று 6, 7 அடி ஏறும், வலு இருக்காது. ஆகஸ்டில் ஒரு மழைக்கே படுத்துவிடும். நிழலும் அப்படித்தான், 6 மணி நேரமாவது நேர்வெயில் வேண்டும்.

நட்ட முதல் வருடம் வேர் பிடிக்கும்வரை தண்ணீர் விடுங்கள், பிறகு நிறுத்திவிடலாம். செடிக்குச் செடி 2 முதல் 3 அடி. ஜூன் தொடக்கத்தில் பாதி உயரத்துக்கு வெட்டினால் குட்டையாக நிற்கும். தாமதித்தால் வான்கோழிக் கால் மாதிரி மூன்றாய்ப் பிரியும் கதிர் வராமல் போகலாம்.

காய்ந்த தாளை மார்ச் கடைசியில் 4 அங்குலம் விட்டு அறுங்கள். ஏப்ரலில் பச்சையே தெரியாவிட்டால் செத்ததென்று பிடுங்காதீர்கள். மண் சூடேறிய பிறகுதான் இது துளிர்க்கும்.