கார் ரிப்பேருக்கு அதிகமாக வாங்கிவிட்டார்களோ என்று சந்தேகம். சின்ன ஊரில் இதை எப்படிக் கேட்பது?

உங்கள் கேள்வியிலிருந்து எனக்குப் புரிந்தது இது: உங்கள் மைவி காரின் முன்பக்கம் சத்தம் போட்டது, தோட்டத்துச் செம்மண் சாலையில் ஓடி ஓடி அப்சார்பர் (குலுங்கலைத் தாங்கும் பாகம்) போய்விட்டது என்று கடையில் சொன்னார்கள். அப்சார்பர், மவுண்டிங், லோவர் ஆர்ம் (சக்கரத்தைக் காரின் அடிப்பாகத்தோடு இணைக்கும் கை) எல்லாம் மாற்றி 1,180 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) வாங்கினார்கள். பக்கத்து வீட்டு அண்ணன் ‘ரொம்ப அதிகம்’ என்றதிலிருந்து உங்களுக்குத் தூக்கமில்லை. நானும் சுங்கை சிப்புட்காரன்தான், எனக்கும் இதே மாதிரி ஒரு பில் வந்தது.

அண்ணன் சொன்னதை முதலில் ஒதுக்கி வையுங்கள். மொத்தத் தொகையை மட்டும் பார்த்து யாராலும் அதிகம் என்று சொல்ல முடியாது. ஒரே அப்சார்பர் ஒரிஜினல் என்றால் ஒரு விலை, ஓஇஎம் (கார் கம்பெனியின் முத்திரை இல்லாமல் அதே தயாரிப்பாளர் விற்பது) என்றால் ஒரு விலை, ஹாஃப்கட் சாமான் (பழைய காரிலிருந்து கழற்றியது) என்றால் இன்னொரு விலை. ஷாப்பி ஆன்லைன் கடை விலையைக் கொண்டுபோய் நீட்டுவதும் சரிவராது. கடைக்காரர் சாமானில் கொஞ்சம் லாபம் வைக்கத்தான் செய்வார்.

பார்க்க வேண்டிய இடம் கூலி. முன் அப்சார்பரின் தலையில்தான் மவுண்டிங் உட்கார்ந்திருக்கிறது. அதை மாற்ற வேண்டுமானால் அப்சார்பரை இறக்கி, ஸ்பிரிங்கை அமுக்கிக் கழற்ற வேண்டும். அப்சார்பர் மாற்றும்போது அந்த வேலை எப்படியும் நடந்துவிடுகிறது. ஆகவே அப்சார்பருக்கு ஒரு கூலி, மவுண்டிங்குக்குத் தனியாக ஒரு கூலி என்று இருந்தால், ஒரே வேலைக்கு இரண்டு முறை வாங்கியிருக்கிறார்கள். என் பில்லில் இருந்தது இதுதான். அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்வது) காசைப் பார்த்துக் கோபப்படாதீர்கள், முன்பக்கத்தைக் கழற்றி மாட்டினால் அது செய்தாக வேண்டும். லோவர் ஆர்மில் புஷ் (ரப்பர் வளையம்) மட்டும் கிழிந்திருக்க, முழு ஆர்மையும் மாற்றுவது ஏமாற்று என்று பலர் நினைக்கிறார்கள். புஷ்ஷை அழுத்தி ஏற்றப் பிரஸ் என்ற இயந்திரம் வேண்டும். அது இல்லாத கடையில் ஆர்மோடு மாற்றிவிடுவார்கள். உங்களைக் கேட்டுவிட்டுச் செய்திருக்க வேண்டும் என்பது வேறு விஷயம்.

அப்புறம், கேட்கும் விதம். அந்த முதலாளியை நாளைக்குக் கோயிலிலோ கல்யாண மண்டபத்திலோ பார்த்தாக வேண்டும். கூட்டமான சனிக்கிழமை காலையில், நாலு பேர் முன்னால் போய் நிற்காதீர்கள். கடை அடைக்கிற நேரத்தில் போய், ‘அண்ணே, சாமான் தனி, கூலி தனின்னு பில்லைப் பிரிச்சு எழுதிக் கொடுங்க, கழற்றின பழைய சாமானையும் பார்க்கணும்’ என்று கேளுங்கள். நான் அப்படித்தான் கேட்டேன். பில்லைக் கொஞ்ச நேரம் பார்த்தார், போர்மேனை (வேலை செய்த மெக்கானிக்கை) கூப்பிட்டுத் திட்டினார் (எனக்காக நடந்த நாடகம் என்றே நினைக்கிறேன்), மவுண்டிங் கூலியைத் திருப்பிக் கொடுத்தார். சாமான் விலையில் ஒரு காசு குறைக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

எழுதித் தர மறுத்தால்? விலையை முன்கூட்டியே பேசி ஒப்புக்கொண்டிருந்தால் வாதாடுவது கஷ்டம். பேசவில்லை என்றால் 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் (நுகர்வோர்) பாதுகாப்புச் சட்டம் உங்கள் பக்கம்: நியாயமான விலைக்கு மேல் கொடுக்கும் கடமை உங்களுக்கு இல்லை. அதே சாமானுக்கும் அதே வேலைக்கும் ஈப்போவில் இரண்டு கடையில் எழுத்தில் விலை வாங்கிக்கொண்டு, பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் மனுப் போடலாம். கட்டணம் 5 வெள்ளி, வக்கீல் தேவையில்லை, 50,000 வெள்ளி வரை கோரலாம், 3 ஆண்டுக்குள் போட வேண்டும்.  பில் மட்டும் பத்திரம். சீக்கிரம் மங்கிவிடும் தாள் என்றால் இன்றைக்கே போட்டோ எடுத்து வையுங்கள்.