"எந்த பஸ்ஸில் வருகிறாய்?" – கல்லூரி வகுப்பறை பற்றிச் சில கேள்விகள், பதில்கள்

வேலூர் வட்டாரக் கல்லூரிகளில் 26 வருடமாக வேதியியல் நடத்துகிறேன். மாணவரை மனதில் வைத்துப் பாடம் நடத்துவது பற்றி ஆசிரியர்களும் மாணவர்களும் பெற்றோரும் கேட்டவற்றில் சிலவற்றை எடுத்துக்கொண்டு, எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கௌரவ விரிவுரையாளர், காட்பாடி: மேடம், பிள்ளைகளிடம் அன்பாக இருந்தால் தலைமேல் ஏறி உட்கார்ந்துகொள்வார்கள், ரிசல்ட்டும் போய்விடும் என்கிறார்கள் எங்கள் துறையில். புதிதாகச் சேர்ந்த நான் என்ன செய்வது?

அன்பு என்றால் மார்க்கை அள்ளிப் போடுவது என்று நினைப்பவர்களுக்கு வரும் பயம் இது. நான் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருடம், முதல் வகுப்புக்குத் தினமும் கால் மணி நேரம் தாமதமாக வந்த ஒரு பெண்ணைத் தொடர்ந்து நான்கு நாள் வெளியே நிறுத்தினேன். ஐந்தாம் நாளிலிருந்து அவள் வரவில்லை. பேரணாம்பட்டுக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அம்மா விடிவதற்குள் ஷூ கம்பெனி வண்டி ஏறிவிடுவார், தம்பிக்குச் சோறு கட்டிப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு இவளால் பிடிக்க முடிந்தது அந்த ஒரு பஸ்தான். அவள் தோழி சொல்லி எனக்கு இது தெரியவந்தபோது டிசி வாங்கிக்கொண்டு போய்விட்டிருந்தாள். ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும், நான் கேட்கவில்லை. இன்றுவரை அது உறுத்துகிறது. அதற்குப் பிறகு யார் தாமதமாக வந்தாலும் முதலில் உள்ளே உட்காரச் சொல்வேன், வகுப்பு முடிந்ததும் தனியாகக் கூப்பிட்டு "எந்த பஸ்ஸில் வருகிறாய்?" என்று கேட்பேன்.

ஆனால் பாடத்தில் தளர்வு கிடையாது. டைட்ரேஷனில், அதாவது ஒரு கரைசலின் செறிவை இன்னொன்றைச் சொட்டுச் சொட்டாக விட்டு அளக்கும் சோதனையில், இரண்டு ரீடிங் ஒத்துவரவில்லை என்றால் மூன்றாவது போட்டே ஆகவேண்டும், யாராக இருந்தாலும். அதைப் போட இன்னொரு நாள் லேபைத் திறந்துவிடுவேன், பக்கத்தில் நிற்பேன். நேரத்தில் விட்டுக்கொடுக்கலாம், ரீடிங்கில் முடியாது.

பி.எஸ்ஸி. இரண்டாம் ஆண்டு மாணவர், ஆம்பூர்: பிளஸ் டூ வரை தமிழ் மீடியம், மேம். இங்கே எல்லாம் இங்கிலீஷில் ஓடுகிறது. சந்தேகம் கேட்க வாய் வரமாட்டேன் என்கிறது.

தம்பி, தமிழிலேயே கேளுங்கள். எந்த ஆசிரியராவது முகம் சுளித்தால், அது அவர் திருத்திக்கொள்ள வேண்டிய விஷயம். வாய் வரவில்லை என்றால் துண்டுச்சீட்டில் எழுதி மேசையில் வைத்துவிடுங்கள்.

உங்கள் ஊர்ப் பையன் ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். குரோமியம் சேர்மங்கள் நடத்திக்கொண்டிருந்தேன், கடைசி பெஞ்சில் தலை குனிந்தே இருப்பார். அப்பாவுக்கு என்ன வேலை என்று ஒருநாள் தற்செயலாகக் கேட்டேன், தோல் கம்பெனியில் டிரம் ஓட்டுகிறார் என்றார். சரி, தோலைப் பதப்படுத்தும் குரோம் உப்பைப் போட்ட பிறகு அங்கே என்ன செய்வார்கள் என்றேன். அவ்வளவுதான், மடை திறந்த மாதிரி பேசினார். அமிலத்தைக் குறைக்கும் சோடா உப்பைக் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஊற்றவேண்டுமாம், ஒரேயடியாகக் கொட்டினால் மேல்தோல் இழுத்துக்கொள்ளும், வெட்டிப் பார்த்தால் நடுவில் நீலம் ஏறியிருக்காதாம். அதன் காரணத்தைத்தான் நான் போர்டில் எழுதினேன்: அமிலத்தன்மை குறையக் குறையக் குரோமியம் தோலின் புரதத்தோடு வேகமாகப் பிணைகிறது, திடீரென்று குறைத்தால் உள்ளே போவதற்கு முன்பே மேலேயே பிடித்துக்கொள்கிறது. அன்றைக்குப் பாதிப் பாடம் அவர் நடத்தியது. அவருக்குத் தெரிந்திருந்தது, அது வேதியியல் என்றுதான் அதுவரை யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

உதவிப் பேராசிரியர், குடியாத்தம்: ஒரு வகுப்பில் 70 பேர். யூனிட் ஐந்தையும் முடிக்கவே நேரம் பற்றவில்லை, இதில் ஒவ்வொருவரையும் கவனிப்பது எப்படி?

ஒவ்வொருவரையும் தினமும் கவனிக்க முடியாது சார். இரண்டு காரியம் செய்து பாருங்கள். கேள்வி கேட்டுவிட்டு மனசுக்குள் மூன்று வரை எண்ணுங்கள். அமெரிக்காவில் மேரி பட் ரோ என்ற கல்வி ஆய்வாளர் 1970களில் வகுப்பறைப் பேச்சைப் பதிவு செய்து பார்த்தபோது, ஆசிரியர்கள் சுமார் ஒரு விநாடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று விநாடியாக்கியதும் பதில்கள் நீண்டன, வழக்கமாக வாய் திறக்காதவர்களும் பேசினார்கள். எழுதிப் பார்த்தால் சுலபம், வகுப்பில் அந்த அமைதியைத் தாங்குவது முதல் வாரம் கஷ்டமாகத்தான் இருக்கும்.

அப்புறம், கடைசி ஐந்து நிமிடம் நோட்டை மூடச் சொல்லி, இன்று நடத்தியதில் நினைவில் இருப்பதையும் புரியாத ஒன்றையும் அரைத்தாளில் எழுதி வாங்குங்கள், பெயர் வேண்டாம். திரும்பத் திரும்பப் படிப்பதைவிட இப்படி நினைவிலிருந்து எடுத்து எழுதுவது ஒரு வாரம் கழித்தும் நிற்கிறது என்று 2006இல் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற உளவியலாளர்கள் சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். 70 தாளையும் திருத்த வேண்டியதில்லை, புரட்டினால் போதும். 40 பேர் ஒரே இடத்தில் தடுக்கி விழுந்திருந்தால் மறுநாள் அங்கிருந்து தொடங்குங்கள். யூனிட் முடிந்து, பிள்ளைகளுக்கு ஒன்றும் ஏறவில்லை என்றால் எதை முடித்தோம்?

முதுகலை மாணவி, ராணிப்பேட்டை: மாணவரை மையமாக வைத்துக் கற்பிப்பது வெளிநாட்டுச் சரக்கு, நம் ஊருக்கு ஒத்துவராது என்கிறாரே எங்கள் பேராசிரியர்?

நன்னூலில் பாடம் சொல்லும் முறையைப் பற்றி வரும் இடத்தை அவருக்குக் காட்டுங்கள். கொள்பவன் எப்படிக் கொள்வான் என்று அறிந்து, அவன் உள்ளம் கொள்ளும்படி, கோணாத மனதோடு கொடுக்கவேண்டும் என்கிறார் பவணந்தி. நூல் 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது.

ஒரு தாய், வாணியம்பாடி: மகளுக்கு ஐந்து அரியர். இனிமேல் போகமாட்டேன் என்று அழுகிறாள். நிறுத்திவிடலாமா அம்மா?

நிறுத்தாதீர்கள். அரசுப் பள்ளியில் படித்த பெண் என்றால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வந்துகொண்டிருக்கும், படிப்பை விட்டால் அதுவும் நின்றுபோகும். ஆனால் அதைச் சொல்லி அவளைக் கட்டாயப்படுத்த வேண்டாம். ஐந்தையும் ஒன்றாகப் பார்ப்பதால்தான் அழுகிறாள். எந்தப் பேப்பரில் பாஸ் மார்க்குக்கு மிக அருகில் வந்தாள் என்று பாருங்கள், அடுத்த தேர்வுக்கு முழு கவனமும் அதில் இருக்கட்டும். அந்தப் பாடத்தின் ஆசிரியரை நீங்களும் அவளோடு போய்ப் பாருங்கள், விடைத்தாள் நகல் வாங்க முடிந்தால் வாங்கி எடுத்துப் போங்கள். மார்க் அதிகம் போன மூன்று கேள்வியைக் காட்டி, "இவற்றில் எங்கே தவறியிருக்கிறாள்?" என்று மட்டும் கேளுங்கள். வீட்டில் ஒரு வாரத்துக்கு அரியர் என்ற பேச்சே வேண்டாம், முதலில் அவள் நன்றாகத் தூங்கட்டும்.