தொண்டி இறால் பண்ணை ஓடை: குவால்2கே-யில் ஆக்சிஜன் பொருந்தவில்லை

தொண்டி இறால் பண்ணைக் கழிவு கலக்கும் ஓடைக்கு, ஆற்றுநீரின் தரத்தைக் கணிக்கும் குவால்2கே (QUAL2K) என்ற கணினி மாடலை ஓட்டினால் ஆக்சிஜன் அளவு நேரில் அளந்ததோடு பொருந்தவில்லை, என்ன செய்வது என்று கேட்டீர்கள். குவால்2கே-யை விட்டுவிடுங்கள். குணகங்களை எவ்வளவு திருகினாலும் அந்த ஓடைக்குச் சரிவராது. ஒரே திசையில், மாறாத அளவில் ஓடும் ஆற்றுக்கான ஒற்றைப் பரிமாண மாடல் அது. உங்கள் முகத்துவாரத்தில் கடல் ஏறும்போது வெளியே போன பண்ணைக் கழிவே திரும்ப உள்ளே வரும்.

ஆக்சிஜன் மாடலில் லிட்டருக்கு 7.4 மி.கி., கையில் அளந்தது 5.8 என்கிறீர்கள். இதில் ஒரு பங்கு உப்பால் இருக்கலாம். 30 டிகிரியில் நன்னீரில் ஆக்சிஜன் நிறைவளவு (காற்றிலிருந்து நீரில் கரையக்கூடிய உச்ச அளவு) லிட்டருக்குச் சுமார் 7.6 மி.கி.; கடல்நீரில் 6.2தான். உங்கள் 7.4 கிட்டத்தட்ட நன்னீர்க் கணக்கு.

மாடல் மாற்றுமுன் ஒரு சோதனை: முகத்துவாரத்திலும் பண்ணை மதகடியிலும் 25 மணி நேரம், மணிக்கொரு முறை நீர்மட்டம், உப்பு, வெப்பநிலை, ஆக்சிஜன் எடுங்கள். மேல்நீர், அடிநீர் இரண்டிலும். இரவை விட்டுவிடாதீர்கள், இரவெல்லாம் பாசி மூச்சுவிட்டு ஆக்சிஜனை எடுத்துக்கொள்வதால் விடியற்காலையில்தான் அது மிகக் குறைந்த அளவுக்குப் போகும். மேலும் கீழும் உப்பு தெளிவாக வேறுபட்டால் இஎஃப்டிசி (EFDC) என்ற நீரோட்ட மாடலை முப்பரிமாணத்தில் ஓட்டுங்கள். இல்லையென்றால் மேலிருந்து அடிவரை ஒரே சராசரியாகக் கணக்கிடும் ஆழச் சராசரி முறை போதும், வீணாக இழுத்துப் போட்டுக்கொள்ள வேண்டாம்.

வாஸ்ப் (WASP) என்ற நீர்த்தர மாடல்? தரக் கணக்குக்கு நல்லது. ஆனால் அதில் ஓட்டத்தைக் கணக்கிடும் கைனமாட்டிக் வேவ் முறையில், ஓட்டம் கடலேற்றத்தில் எதிர்த்திசைக்குத் திரும்பாது. ஓட்டத்தை இஎஃப்டிசி-யிலிருந்து கொடுங்கள்.

கோடை அளவுகளை வைத்துச் சரிசெய்த மாடலை ஐப்பசி, கார்த்திகை மழைக்கு நம்பாதீர்கள். அதற்குத் தனியாக ஒருமுறை அளக்க வேண்டும்.