இரவில் முடங்கும் வேர்ட்பிரஸ் தளங்கள்: வீட்டிலிருந்து பராமரிப்பவருக்கு ஒரு பதில்

கேள்வி: ஈரோட்டில் வீட்டிலிருந்தே வேலை செய்யும் வெப் டெவலப்பர் நான். சேலைக் கடை, தனியார் பள்ளி, இரண்டு வலைப்பதிவர்கள் என்று இருபது வேர்ட்பிரஸ் தளங்களைப் பராமரிக்கிறேன். கணவருக்கு ஷிப்ட் வேலை. மகள் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். தளம் முடங்கிவிட்டது என்ற அழைப்பு பெரும்பாலும் இரவுச் சாப்பாட்டு நேரத்திலோ ஞாயிற்றுக்கிழமையிலோதான் வருகிறது. தானியங்கி அப்டேட்டை எல்லாத் தளங்களிலும் அணைத்துவிடலாமா? வாடிக்கையாளர்களை இழக்காமல் இந்த அழைப்புகளைக் குறைப்பது எப்படி?

பதில்: அணைக்க வேண்டாம். தளத்தில் கூடுதல் வசதிக்காகச் சேர்க்கும் சிறு மென்பொருளான பிளகின் ஒன்றில் பாதுகாப்பு ஓட்டை இருப்பது வெளியில் தெரிந்தவுடன், அந்தப் பிளகின் உள்ள தளங்களைத் தேடித் தாக்கும் நிரல்கள் இயங்கத் தொடங்கிவிடும். அப்டேட் கெடுப்பது ஒரு வேளைச் சாப்பாட்டைத்தான். ஊடுருவப்பட்ட தளத்தைச் சுத்தம் செய்வதற்கு நாள்கணக்கில் ஆகும். அப்டேட் ஓடட்டும், ஆனால் நீங்கள் மேசையில் இருக்கும் நேரத்தில் ஓடட்டும். உங்களுக்கு வரும் அழைப்புகளில் பெரும்பங்கு இந்த ஒரு மாற்றத்திலேயே குறையும் என்று நினைக்கிறேன்.

தளங்களை இயக்கும் மென்பொருளான வேர்ட்பிரஸ் ஒரு நாளைக்கு இரண்டு முறை, பன்னிரண்டு மணி நேர இடைவெளியில், புதிய பதிப்புகள் உள்ளனவா என்று பார்த்து, அனுமதிக்கப்பட்டவற்றை அப்போதே நிறுவிக்கொள்கிறது. அந்த இரண்டு நேரங்களும் தளத்தை முதன்முதலில் நிறுவிய நேரத்தைப் பொறுத்து அமைந்தவை; நீங்கள் ஒரு தளத்தை மாலை ஏழு மணிக்கு நிறுவியிருந்தால், அது இன்றும் காலை ஏழுக்கும் மாலை ஏழுக்கும்தான் சோதித்துக்கொண்டிருக்கும். மேலும், இந்த வேலைகளை நடத்தும் டபிள்யூபி-கிரான் என்னும் உள் அட்டவணை யாராவது தளத்திற்கு வந்தால்தான் அசையும் என்பதால், ஆளரவமற்ற தளத்தில் குறித்த வேலை மணிக்கணக்கில் தள்ளிப்போகும். உங்கள் வலைப்பதிவர்களில் எவராவது, காலை ஆறு மணிக்கு வெளிவரும்படி நேரம் குறித்த பதிவு ஒன்பது மணிக்குத்தான் வந்தது என்று குறைப்பட்டிருந்தால், காரணம் பெரும்பாலும் இதுவே.

எனவே முதலில் ஒவ்வொரு தளத்திலும் நேர மண்டலம் கொல்கத்தா என்று இருக்கிறதா எனப் பாருங்கள். அது உலகப் பொது நேரத்திலேயே விடப்பட்டிருந்தால் எல்லாக் கணக்கும் ஐந்தரை மணி நேரம் பிசகும். அடுத்து, தளத்தின் அடிப்படை அமைப்புகள் உள்ள கான்ஃபிக் கோப்பில் டபிள்யூபி-கிரானின் வருகை வழி இயக்கத்தை நிறுத்திவிட்டு, சர்வரின் சொந்த நேர அட்டவணையான கிரானைப் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு முறை அதை இயக்கும்படி அமையுங்கள். மூன்றாவதாக, ஒரு வேலை நாளில், மகள் பள்ளிக்குச் சென்றபின், காலை பத்து மணிக்கு, பதிப்புச் சோதனைக்கான கிரான் நிகழ்வை டபிள்யூபி-சிஎல்ஐ என்னும் கட்டளை வரிக் கருவி வழியாக நீக்கிவிட்டுத் தளத்தை ஒரு முறை திறங்கள். இல்லாத நிகழ்வை வேர்ட்பிரஸ் அந்தக் கணத்திலிருந்தே மீண்டும் பதிவு செய்துகொள்ளும் என்பதால், இனி அதன் நேரம் காலை பத்தும் இரவு பத்தும் ஆகிவிடும். இரவுச் சுற்றையும் வார இறுதியையும் அடைக்க, எப்போதும் இயங்கும் பிளகின்களுக்கான எம்யூ-பிளகின்ஸ் கோப்புறையில் ஒரு சிறிய கோப்பு போதும்: பிளகின்களின் தானியங்கி அப்டேட்டை முடிவு செய்யும் ஃபில்டரில் (வேர்ட்பிரஸின் முடிவை நம் நிரலால் மாற்ற இடம் தரும் ஏற்பாடு), வெள்ளி முதல் ஞாயிறு வரையிலும் மற்ற நாள்களில் பிற்பகல் இரண்டு மணிக்குப் பின்னும் மறுப்பையும், எஞ்சிய நேரத்தில் வந்த மதிப்பை அப்படியேயும் திருப்பி அனுப்புங்கள். அந்தக் கோப்புறையில் இருப்பதை டாஷ்போர்டிலிருந்து எவரும் அணைக்க முடியாது என்பது கூடுதல் வசதி.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. நிகழ்வின் நேரத்தை மாற்றாமல் ஃபில்டரை மட்டும் போட்டால், காலை ஏழுக்கும் மாலை ஏழுக்கும் சோதிக்கும் தளம் உங்கள் வேலை நேரத்துக்குள் வராமலே போய், அப்டேட் ஒருநாளும் நடக்காது. காலையில் ஒன்பது மணிக்கு முன் வேண்டாம் என்று நீங்களும் ஒரு வரம்பு வைப்பீர்கள் என்பதால் சொல்கிறேன். இரண்டையும் சேர்த்தே செய்யுங்கள்.

வேர்ட்பிரஸின் சிறு பதிப்புகள் 2013இல் வந்த 3.7 முதல் தாமாகவே நிறுவிக்கொள்கின்றன, அவற்றைத் தொடாதீர்கள். பெரும் பதிப்புகளை நான் தானியங்கியில் விடமாட்டேன். அண்மை ஆண்டுகளில் அவை பெரும்பாலும் அமெரிக்கச் செவ்வாய்க்கிழமையில் வெளியாவதால், நமக்கு அது இரவாகவோ புதன் விடியலாகவோ இருக்கும். முதல் திருத்தப் பதிப்பு வரும்வரை காத்திருந்து ஏற்றுவதால் ஒன்றும் குடிமுழுகிப் போவதில்லை. அதுபோல இணையக் கடையை நடத்தும் வூகாமர்ஸ், பணம் பெறும் கேட்வே, பக்கங்களை வடிவமைக்கும் பேஜ் பில்டர் ஆகிய மூன்று பிளகின்களையும் தானியங்கியில் விடாமல், நகல் தளத்தில் சோதித்து, நீங்களே ஏற்றுங்கள். 2024 ஜூலையில் வந்த 6.6 முதல், தானியங்கி அப்டேட்டால் தளம் முற்றாக முடங்கினால் பழைய பதிப்பு தானே திரும்பிவிடும் என்பது உண்மைதான். ஆனால் தளம் திறந்துகொண்டு, கார்ட்டில் சேர்க்கும் பொத்தான் மட்டும் வேலை செய்யாமல் போனால் அந்த ஏற்பாட்டுக்கு அது தெரியாது.

அடுத்து, பலர் கவனிக்காத ஒரு மின்னஞ்சல். 2019இல் வந்த 5.2 முதல், தளம் முடங்கும்போது எந்தப் பிளகினால் முடங்கியது என்ற விவரத்தையும், உள்ளே நுழைய ஒரு மீட்பு இணைப்பையும் வேர்ட்பிரஸ் நிர்வாகியின் முகவரிக்கு அனுப்புகிறது. உங்கள் தளங்களில் அந்த முகவரி கடைக்காரருடையதாக இருக்க வாய்ப்பு அதிகம். மருந்து போகவேண்டிய இடத்துக்குப் போகாமல், புரியாத ஆங்கிலத்தில் ஓர் அபாய அறிவிப்பாக அவர் கைக்குப் போய், அங்கிருந்து உங்களுக்கு அழைப்பாக வருகிறது. மீட்பு மின்னஞ்சலுக்கு மட்டும் தனி முகவரியைக் கான்ஃபிக் கோப்பில் குறிக்கலாம். அதில் உங்களுடையதைக் குறித்து, அஞ்சல் ஸ்பாமில் விழாதபடி எஸ்எம்டிபி என்னும் முறையான அஞ்சல் சர்வர் வழியாக அனுப்ப ஏற்பாடு செய்யுங்கள்.

வாடிக்கையாளர்களுக்கு நிர்வாகி உரிமை வேண்டியதில்லை. பள்ளிக்கும் பதிவர்களுக்கும் பதிவுகளையும் பக்கங்களையும் திருத்தும் எடிட்டர் உரிமையும், கடைக்கு வூகாமர்ஸின் ஷாப் மேனேஜர் உரிமையும் போதும். யாரோ பரிந்துரைத்த பாப்-அப் பிளகினை ஞாயிறு மதியம் நிறுவிப் பார்க்கும் ஆசை அத்துடன் நின்றுவிடும்.

எல்லாம் செய்தும் ஒரு திருமண வீட்டில் இருக்கும்போது அழைப்பு வரலாம். ஹோஸ்டிங்கின் ஃபைல் மேனேஜரை மொபைலில் திறந்து, சிக்கல் தந்த பிளகினின் கோப்புறைப் பெயரை மாற்றினால் அது செயலிழந்து தளம் திறந்துகொள்ளும். எந்தப் பிளகின் என்று தெரியாவிட்டால் பிளகின்ஸ் கோப்புறையின் பெயரையே மாற்றலாம். மிச்சத்தை மறுநாள் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் அவசரத்தில் நேற்றைய பேக்கப்பை முழுதாக மீட்டுவிடாதீர்கள். சேலைக் கடைத் தளத்தில் அப்படிச் செய்தால், பேக்கப்புக்குப் பிறகு வந்த ஆர்டர்கள் அனைத்தும் தரவுத்தளத்திலிருந்து அழிந்துவிடும். அங்கே கோப்புகளை மட்டும் மீட்பதும், பழுதான ஒரு பிளகினின் முந்தைய பதிப்பை நிறுவுவதும் போதுமானவை. முந்தைய பதிப்புகள் வேர்ட்பிரஸ் பிளகின் பக்கத்தின் மேம்பட்ட பார்வையில் கிடைக்கும்.

இனி அழைப்புகள். உங்களிடம் ஏ.எம்.சி. என்னும் ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் எழுத்தில் இல்லை என்று ஊகிக்கிறேன். இருந்திருந்தால் இந்தக் கேள்வி வேறு விதமாக வந்திருக்கும். ஒரு பக்க ஒப்பந்தத்தில், தளம் திறக்காதது, பணம் செலுத்த முடியாதது, ஊடுருவல் ஆகிய மூன்று மட்டுமே எந்நேரமும் அழைக்கத்தக்க அவசரம் என்றும், படம் மாற்றுவது, விலை திருத்துவது போன்றவை அடுத்த வேலை நாளில் செய்யப்படும் என்றும் எழுதுங்கள். வேலைக்குத் தனி எண்ணும் அதில் வாட்ஸ்அப் பிசினஸும் வைத்துக்கொண்டால், மாலைக்கு மேல் தானாகப் போகும் பதிலில் இதே மூன்றையும் குறிப்பிடலாம். இரவு அவசரத்துக்குத் தனிக் கட்டணம் வையுங்கள். கறாராகத் தோன்றினாலும், எது அவசரம் என்று வாடிக்கையாளரே எடைபோட அதைவிட நல்ல வழி இல்லை.

கணவருக்கு இரவு ஷிப்ட் வரும் வாரங்களில் வீட்டில் நீங்கள் ஒருவரே இருப்பீர்கள். அந்த வாரங்களில் பேஜ் பில்டர், வூகாமர்ஸ் போன்ற பெரிய அப்டேட்டுகளை எடுக்காதீர்கள். அவரது ஷிப்ட் அட்டவணை உங்கள் பராமரிப்பு நாட்காட்டியிலும் இருக்கட்டும். ஒத்த வேலை செய்யும் ஒருவருடன் பேசி, காய்ச்சல், பயணம் போன்ற நாள்களில் ஒருவர் தளங்களை மற்றவர் பார்த்துக்கொள்வதென்று முடிவு செய்து, அதற்கென்று தனி நிர்வாகிக் கணக்கைத் திறந்துகொடுங்கள். உங்கள் கடவுச்சொல்லைப் பகிர வேண்டாம். தீபாவளிக்கு முந்தைய பத்து நாள்களில் பாதுகாப்புத் திருத்தங்களைத் தவிர எதையும் கடைத் தளத்தில் தொடுவதில்லை என்பதையும் ஒப்பந்தத்தில் ஒரு வரியாகச் சேருங்கள்.

ஒப்பந்தத்தைக் கடைக்காரர்களுக்குப் பொங்கல் வியாபாரம் முடிந்த பிறகு அனுப்புங்கள். பள்ளிக்கு மட்டும், ஆண்டுத் தேர்வும் மாணவர் சேர்க்கையும் தொடங்குவதற்கு முன்பே, பிப்ரவரிக்குள் கையெழுத்து வாங்கிவிடுவது நல்லது.