விடையைக் கொட்டும் பேரன், வாயை மூடிக்கொண்ட தாத்தா

கேள்வி: அக்கா, நாங்கள் புது வண்ணாரப்பேட்டை. அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ரிட்டயர் ஆனவர். 2020 ஊரடங்கில் பொழுது போகாமல் சொந்தக்காரர்கள் பதினாலு பேர் சேர்ந்து ஒரு வாட்ஸப் குழு ஆரம்பித்தோம். ராத்திரி ஒன்பது மணிக்கு யாராவது ஒரு விடுகதை போடுவோம், இல்லையென்றால் இணையத்தில் கிடைக்கிற எழுத்துக்கட்டம் (எழுத்துகளுக்கு நடுவே சொற்களை ஒளித்து வைத்த கட்டம்) ஒன்றைப் படமாகப் போடுவோம், எல்லாரும் சேர்ந்து கண்டுபிடிப்போம். அப்பாதான் அதில் ராஜா. ஆறு மாதமாக என் அண்ணன் மகன் (காலேஜில் கம்ப்யூட்டர் படிக்கிறான்) படம் வந்த மறு நிமிஷமே அதை ஏஐயிடம் காட்டி மொத்த விடையையும் கொட்டிவிடுகிறான். அப்பா குழுவைத் திறப்பதையே விட்டுவிட்டார். கேட்டால் "எனக்கு வேலை இருக்கு" என்கிறார். அவருக்கு என்ன வேலை? பையனைக் குழுவிலிருந்து எடுத்தால் அண்ணி முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். பேசாமல் குழுவையே கலைத்துவிடலாமா?

பதில்: கலைக்காதீர்கள் தங்கச்சி. பையனையும் எடுக்காதீர்கள். அண்ணியின் முகத்தைப் பற்றி நீங்கள் பயப்படுவது நியாயம்தான், பதினாலு பேரில் ஒருத்தனை வெளியே தள்ளினால் அது அடுத்த வளைகாப்பு வரைக்கும் பேச்சாக ஓடும். ஆனால் நான் வேண்டாம் என்று சொல்வது அதற்காக இல்லை. பையன் பெரிய தப்பு எதுவும் செய்யவில்லை, அதனால்தான்.

நான் சின்ன வயதில் வியாசர்பாடியில் அண்ணனைச் சாப்பிடக் கூப்பிடப் போய் கேரம் கிளப் வாசலில் நிற்பேன், நின்றது நின்றபடியே ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டு இருந்துவிடுவேன், வீட்டில் சோறு ஆறிப்போகும். பலகையைச் சுற்றி எட்டுப் பேர் தலையைக் குனிந்திருப்பார்கள். ஸ்ட்ரைக்கர் யார் கையில் இருக்கிறதோ அவன் யோசித்து முடிக்கிற வரைக்கும் வேறு எவனும் வாயைத் திறக்கக் கூடாது. திறந்தால் "வா, நீயே வந்து அடி" என்று ஸ்ட்ரைக்கரை அவன் கையில் திணித்துவிடுவார்கள், அப்புறம் ஒரு வாரம் அவன் அந்தப் பக்கமே தலைகாட்ட மாட்டான். உங்கள் குழுவில் அப்படி ஒரு சட்டம் இல்லை. யார் முதலில் சொல்கிறாரோ அவருக்குக் கைதட்டல் பொம்மை போடுவீர்கள், அவ்வளவுதானே? இத்தனை வருஷமாக அந்தக் கைதட்டல் அப்பாவுக்கு வந்தது, நீங்களும் அதைச் சேர்ந்து விளையாடுவது என்று நினைத்துக்கொண்டீர்கள். உள்ளபடி அது பந்தயம். அப்பா சைக்கிளில் ஜெயித்த பந்தயத்தைப் பையன் பைக்கில் வந்து ஜெயிக்கிறான். கோபப்படுவதாக இருந்தால் பந்தயம் வைத்தவர்கள் மேல் படுங்கள், அதில் நீங்களும் ஒருத்தர்.

வேர்டில் என்று ஒரு விளையாட்டு உலகம் பூராவும் ஓடியதே, ஞாபகம் இருக்கிறதா? ஐந்து எழுத்துள்ள ஓர் ஆங்கிலச் சொல்லை ஆறு தடவைக்குள் கண்டுபிடிக்க வேண்டும், ஒரு நாளைக்கு ஒரே சொல், எல்லாருக்கும் அதே சொல். ஜாஷ் வார்டில் என்கிற மென்பொருள்காரர் தன் துணைக்காகச் செய்தது. முதலில் அவர்கள் இரண்டு பேர், அப்புறம் அவர்கள் வீட்டு வாட்ஸப் குழு (ஆமாம், உங்களுடையது மாதிரியே ஒன்று), 2021 அக்டோபரில்தான் ஊருக்குத் திறந்துவிட்டார். நவம்பர் 1 அன்று விளையாடியவர்கள் 90 பேர், அடுத்த ஜனவரி 2 அன்று மூன்று லட்சத்துக்கும் மேலே. அந்த ஜனவரியிலேயே நியூயார்க் டைம்ஸ் வாங்கிவிட்டது. இடையில் நடந்தது ஒன்றுதான்: விளையாடி முடித்ததும் பச்சை, மஞ்சள் கட்டங்களை மட்டும் நண்பர்களுக்கு அனுப்ப வழி செய்தார்கள். அதில் ஓர் எழுத்துகூடத் தெரியாது. எத்தனை தடவை தடுமாறினோம், எந்த இடத்தில் பிடித்தோம் என்பது மட்டும் தெரியும். விடையை மறைத்து வைத்துக்கொண்டே பீற்றிக்கொள்ள ஒரு வழி! அதைப் பார்த்தவனுக்குத் தானும் ஆடிப் பார்க்கலாமே என்று தோன்றியது. உங்கள் குழுவில் நடப்பது இதற்கு நேர் எதிர், தடுமாற்றம் எதுவும் கண்ணில் படாமல் விடை மட்டும் வந்து விழுகிறது. அதற்குமேல் அங்கே யாருக்கு என்ன வேலை? அப்பா "எனக்கு வேலை இருக்கு" என்று சொல்வது எனக்கு இப்படித்தான் கேட்கிறது.

அதனால் சட்டத்தை மாற்றுங்கள். ஒன்பது மணிக்குக் கட்டம் வந்தால் ஒன்பதரை வரைக்கும் யாரும் முழு விடை சொல்லக் கூடாது, தான் பார்த்த ஒரே ஒரு விஷயத்தை மட்டும் சொல்லலாம். "நாலாவது வரிசையில் ஒரு ங் இருக்கு." அவ்வளவுதான், நிறுத்திக்கொள்ள வேண்டும். தமிழில் ங் என்கிற எழுத்து ஒரு பெரிய உளவாளி, அது எங்கே நிற்கிறதோ அதற்கு அடுத்து க வரிசைதான் வரும் (இங்ஙனம், அங்ஙனம் என்று இரண்டொரு பழைய ஆட்களைத் தவிர). காசிமேட்டு மீன்களை ஒளித்து வைத்த கட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அண்ணி ங்-ஐப் பார்த்தார். நீங்கள் அதன் எட்டுப் பக்கத்தையும் துழாவி, கீழே ஒரு கா நிற்கிறது என்கிறீர்கள், மேலே ழ. ழ-வில் தமிழ்ச் சொல் எதுவும் தொடங்காது, ஆக இன்னும் மேலே ஏறிப் பார்க்க வேண்டும் என்கிறார் இன்னொருத்தர். அங்கே கி. இதற்குள் அப்பா "கிழங்கான்டா!" என்று கத்தியிருப்பார், பக்கத்து வீட்டுக்கே கேட்கும்.

இந்த மாதிரி நுணுக்கம் தமிழில் கொட்டிக் கிடக்கிறது, குழுவில் ஒவ்வொருத்தர் ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளலாம். ஞ் வந்தால் பக்கத்தில் ச வரிசையைப் பார், இல்லாவிட்டால் விஞ்ஞானம் மாதிரி இன்னொரு ஞ. ந் வந்தால் த அல்லது ந. க், ச், ட், த், ப், ற் ஆறும் சொல்லின் கடைசியில் நிற்காது, அதனால் ஒரு ட்-ஐப் பார்த்தால் அதோடு சொல் முடிந்தது என்று பேனாவை எடுக்காதே, இன்னும் போ. டிக்கெட் மாதிரி இங்கிலீஷிலிருந்து வந்ததெல்லாம் வேறு கணக்கு. ண, ழ, ள, ற, ன ஐந்திலும் சொல் தொடங்காது. றெக்கை இருக்கிறதே என்று சண்டைக்கு வருகிறவர்களுக்கு, அது இறக்கை, போய்விட்டு வாருங்கள்.

விடுகதைக்கு இவ்வளவு சட்டம் வேண்டாம். விடுகதையில் முதலில் வந்த விடையோடு நிறுத்தாதீர்கள், அது போதும். "வெட்ட வெட்ட வளரும், அது என்ன?" இயந்திரத்தைக் கேட்டால் முடி என்று சொல்லும், இல்லையென்றால் நகம். பள்ளமும் வெட்ட வெட்ட வளர்கிறதுதானே? நம் பக்கத்துத் தெருக்களில் வருஷக்கணக்காக அது வளர்வதைப் பார்த்தவர்களுக்குச் சொல்லியா தர வேண்டும். பொருத்தமான இரண்டாவது விடை சொல்கிறவருக்குத்தான் கைதட்டல் என்று வைத்துப் பாருங்கள், பையன் விடையைக் கொட்டின பிறகுதான் ஆட்டமே சூடு பிடிக்கும்.

இன்னொன்று, அப்பாவை நேரில் உட்கார வைத்துப் பார்க்க வேண்டியது. என் அம்மா வாரப் பத்திரிகைக் குறுக்கெழுத்தை ஒரு வாரம் விடமாட்டார். ஒரு தீபாவளிக்கு அப்புறம் தொடவே இல்லை. அண்ணனோடு ஏதோ மனஸ்தாபம், அதுதான் எதிலும் பிடிப்பில்லை என்று நாங்களே கதை கட்டிக்கொண்டு நாலு மாதம் சமாதானப் பேச்சுவார்த்தை நடத்தினோம். கடைசியில் பார்த்தால் கண்புரை. சொல்ல வெட்கப்பட்டிருக்கிறார். உங்கள் அப்பாவுக்கும் அப்படித்தான் என்று நான் சொல்லவரவில்லை, ஆனால் பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு கட்டத்தை உள்ளங்கை அளவு போனில் பார்ப்பது எனக்கே கஷ்டமாக இருக்கிறது. சின்ன எழுத்தில் ர எது, துணைக்கால் எது என்று தெரியாது, ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் ஒன்றாகத் தெரியும். படமாக இல்லாமல் எழுத்தாகவே டைப் அடித்து அனுப்புகிறீர்கள் என்றால் இன்னும் மோசம். ர ஒல்லி, ணௌ குண்டு, எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம் கிடையாது, ஆகவே உங்கள் போனில் நேராக நிற்கிற வரிசை அப்பா போனில் கோணலாகிவிடும், மூலைவாட்டில் ஒளித்து வைத்த சொல்லை அவர் ஜென்மத்துக்கும் கண்டுபிடிக்க முடியாது. அவர் பாவம் தனக்குத்தான் மூளை மழுங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருப்பார். ஜெராக்ஸ் கடையில் ஒரு ஏ4 தாளில் பெரிதாக எடுத்துக் கொடுங்கள், கையில் பென்சிலையும் கொடுங்கள். சொற்களைச் சுழிக்கிறாரா, தாளைத் தள்ளித் தள்ளிப் பிடிக்கிறாரா என்று பாருங்கள். தள்ளிப் பிடித்தால் முதலில் கண் டாக்டர், மற்றதெல்லாம் அப்புறம்.

இப்போது பையன். அவன் அனுப்புகிற விடைகளை யாராவது ஒரு நாளாவது கட்டத்தோடு வைத்துச் சரிபார்த்தீர்களா? எல்லாம் சரியாக இருக்கும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. தமிழ் என்ற சொல் உங்களுக்கும் எனக்கும் மூன்று எழுத்து, மூன்று கட்டம். கம்ப்யூட்டருக்கு அது ஐந்து: த, ம, இகரக் கொக்கி தனி, ழ, புள்ளி தனி. கம்ப்யூட்டர்கள் எழுத்துகளைச் சேமிக்கிற யூனிகோடு என்கிற பொது முறையில் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள். இப்போதைய ஏஐயும் சொற்களை எழுத்தெழுத்தாகப் பார்ப்பதில்லை, துண்டு துண்டாக வெட்டித்தான் விழுங்குகிறது, அதனால் எழுத்தை எண்ணச் சொன்னால் சமயத்தில் உளறும். கட்டத்தில் இல்லாத சொல்லை இருக்கிறது என்று அடித்துச் சொல்லும்.

இதை வைத்து அவனை மாட்டிவிட வேண்டாம், வேலை கொடுங்கள். "டேய், தினமும் எங்கேயோ இருந்து எடுத்துப் போடுகிறோமே, நம்ம வீட்டுக்கென்று ஒரு கட்டம் செய்ய நீ ஒரு புரோகிராம் எழுதேன்" என்று அத்தையாக நீங்கள் கேளுங்கள். முதல் நாளே அந்த மூன்றா ஐந்தா தகராறில் போய் முட்டுவான், கொக்கியும் புள்ளியும் தனித்தனிக் கட்டத்தில் போய் உட்காரும். அதைச் சரி செய்தான் என்றால் அடுத்தது: காலிக் கட்டங்களை எதை வைத்து நிரப்புவது? ஆங்கிலத்தில் 26 எழுத்து, எதைத் தூவினாலும் கண்ணுக்கு உறுத்தாது. நமக்கு 247, குலுக்கிப் போட்டால் ஙௌ-வும் ழீ-யும் வந்து உட்காரும், பார்த்த மாத்திரத்தில் இது சும்மா நிரப்பினது என்று சின்னப் பிள்ளையும் ஒதுக்கிவிடும், மிச்சம் இருப்பது விடை. ஒளித்து வைத்த சொற்களில் இருக்கிற எழுத்துகளையே திரும்பத் தூவினால்தான் கட்டம் கஷ்டமாக இருக்கும். இதை அவனிடம் நேராகச் சொல்லிவிடாதீர்கள், அப்பாவிடம் சொல்லிவையுங்கள். கட்டம் ஏன் இவ்வளவு சுலபமாக இருக்கிறது என்று பையன் தலையைச் சொறிகிறபோது தாத்தா சொல்லட்டும்.

அதற்கப்புறமும் அவனுக்குத் திமிர் அடங்கவில்லை என்றால் சுழிகுளம் என்று ஒன்று இருக்கிறது, நம் பழைய சித்திரக்கவி வகை. எட்டெட்டு எழுத்தாக நாலு வரி, நேராகப் படித்தாலும் ஒரு பாட்டு, வெளி ஓரத்திலிருந்து சுழன்று சுழன்று உள்ளே போய்ப் படித்தாலும் அதே பாட்டு. ஏஐயை வைத்து அப்படி ஒன்று எழுதிக்கொண்டு வா என்று சொல்லுங்கள், செமஸ்டர் லீவு முழுக்க வீடு அமைதியாக இருக்கும்.

சொற்கள் யார் கொடுப்பது? அங்கேதான் அப்பா வருகிறார். "உங்களுக்காகத்தான்பா இதெல்லாம்" என்று மட்டும் வாய் தவறிக்கூடச் சொல்லிவிடாதீர்கள், ஹார்பரில் அத்தனை வருஷம் அத்தனை உயரத்தில் உட்கார்ந்து பெட்டி தூக்கின மனுஷன், இரக்கம் பார்த்துச் செய்கிறார்கள் என்று தெரிந்தால் அந்த ஜென்மத்துக்குத் திரும்பிப் பார்க்க மாட்டார். பையனுக்குச் சொல் கிடைக்கவில்லையாம், ஹார்பர் பேச்சில் ஒரு இருபது சொல் வேண்டுமாம் என்று கேளுங்கள். இணையத்தில் தேடினால் கிடைக்காத சொல்லாக இருக்கட்டும், அவர்கள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட பெயர், கிண்டல், கூப்பாடு, எதுவானாலும். அதன் அர்த்தம் குழுவில் அவர் ஒருத்தருக்குத்தான் தெரியும், பையனின் போனுக்குத் தெரியாது. ஒரு சொல்லுக்குக் குறிப்பு கேட்டால் அவர் ஒரு கதை சொல்லுவார், நீளமாகத்தான் சொல்லுவார், பையன் கொட்டாவி விட்டாலும் எழுதிக்கொள்ளட்டும்.

அண்ணியிடம் இன்றைக்கே போன் போட்டுச் சொல்லிவிடுங்கள், "அண்ணி, இனிமே கட்டம் போடுறது உங்க பையன்தான்" என்று. முதல் கட்டம் வந்ததும் எனக்கும் ஒரு படம் அனுப்புங்கள். வவ்வால் மீனை எங்கேயாவது கீழிருந்து மேலாக ஒளித்து வைக்கச் சொல்லுங்கள். வ், வா, வ என்று மூன்றும் பக்கத்துப் பக்கத்தில் நின்று கண்ணைக் கட்டும், எனக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்கலாம்.