கடைக்காரர் செல்பேசியில் எடுத்த சீசன் டிக்கெட் செல்லுமா?

கேள்வி: என் மகள் கூடுவாஞ்சேரியிலிருந்து எழும்பூருக்குத் தினமும் மின்சார ரயிலில் வேலைக்குச் செல்கிறாள். நிலையத்துக்கு எதிரிலுள்ள ஜெராக்ஸ் கடைக்காரர் தம் செல்பேசியிலேயே அவளுக்கு மாதச் சீசன் டிக்கெட் எடுத்து, அதன் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். கூடுதலாக நாற்பது ரூபாய் வாங்கிக்கொண்டார். பரிசோதகரிடம் அந்தப் படத்தைக் காட்டினால் போதுமா?

பதில்: போதாது. தங்கள் மகளிடம் இருப்பது டிக்கெட்டின் படம்தானே தவிர, டிக்கெட் அன்று. காகிதமில்லாச் சீசன் டிக்கெட்டை, அதை எடுத்த செல்பேசியிலுள்ள ரயில்வே செயலியைத் திறந்து அதற்குள்ளேயே காட்ட வேண்டும். படம் மட்டும் இருந்தால் டிக்கெட் இல்லாத பயணமாகவே கருதப்படும். பயணக் கட்டணத்துடன் குறைந்தது 250 ரூபாய் அபராதம் கட்ட நேரிடும்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. கடைக்காரர் தம் கணக்கில் எடுத்ததால் டிக்கெட்டில் பதிவாகியிருப்பது யாருடைய பெயர், யாருடைய அடையாள எண் என்பதை முதலில் பாருங்கள். சீசன் டிக்கெட் அதில் குறிக்கப்பட்ட ஒருவருக்கு மட்டுமே உரியது. அண்ணன் விடுப்பில் இருக்கும்போது தம்பி அதைப் பயன்படுத்தக்கூட இடமில்லை. அனுமதி இல்லாமல் டிக்கெட் எடுத்துக் கொடுப்பதைத் தொழிலாகச் செய்தால், 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 143ஆம் பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. இணையவழியில் எடுக்கும் டிக்கெட்டுகளுக்கும் இப்பிரிவு பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் தெளிவாகவே கூறிவிட்டது. ஆனாலும் நிலைய வாசல்களில் "சீசன் இங்கே எடுத்துத் தரப்படும்" என்ற அட்டைகள் தொங்குகின்றன. பிடிபடும் பெண் நடைமேடையில் கண்கலங்கி நிற்கும்போது, பணம் வாங்கியவர் தம் கடையில் நிம்மதியாக அமர்ந்திருப்பார். இத்தகையவர்களிடம் தயவுசெய்து ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

மகளின் சொந்தச் செல்பேசியில், அவர் பெயரிலேயே ரயில்ஒன் செயலியைப் பதிவு செய்து டிக்கெட் எடுப்பதே நேரான வழி. இதில் பலரும் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. காகிதமில்லா டிக்கெட்டை நிலைய வளாகத்துக்குள்ளும் தண்டவாளத்தை ஒட்டியும் நின்றுகொண்டு எடுக்க முடியாது. பரிசோதகரைக் கண்டதும் அவசரமாக எடுப்பதைத் தடுப்பதற்காகவே இந்த ஏற்பாடு. ஆனால் நிலையத்தில் ஒட்டப்பட்டிருக்கும் கியூஆர் குறியீட்டைச் செயலியால் வருடினால், உள்ளே நின்றபடியே எடுக்கலாம். அந்தத் தாள் எல்லா நேரமும் கண்ணில் படும் இடத்தில் இருக்கும் என்று நம்ப முடியாது என்பதால், வீட்டிலேயே எடுத்துவிடுவது நல்லது. செயலியில் "அச்சிட்ட டிக்கெட்" என்பதைத் தெரிவு செய்துவிட்டால், தானியங்கி இயந்திரத்திலோ கவுன்டரிலோ அச்சிட்டுக் கையில் வாங்கும்வரை அது டிக்கெட் ஆகாது. செல்பேசியில் சார்ஜ் தீர்ந்துபோனாலும் டிக்கெட் இல்லாதவர் கணக்குத்தான்.

இவ்வளவு விதிகளை வகுத்த நிர்வாகத்துக்கு, "படம் செல்லாது" என்ற இரண்டே சொற்களைத் தமிழில் பெரிதாக எழுதி ஒவ்வொரு நுழைவாயிலிலும் வைக்க ஏன் மனம் வரவில்லை என்பது எனக்குப் புரியவில்லை. கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931இல் மின்சார ரயில் ஓடத் தொடங்கிய தடம் இது. தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாகியும், புதிதாக வேலைக்கு வரும் ஒரு பெண் டிக்கெட் விதியை ஜெராக்ஸ் கடையில் கேட்டுத் தெரிந்துகொள்ளும் நிலை இருக்கக் கூடாது.

எழும்பூரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். காந்தி இர்வின் சாலையை நோக்கி நிற்கும் 1908ஆம் ஆண்டுக் குவிமாடக் கட்டடத்தைப் பார்த்ததும், புதியவர்கள் அங்கேயே நுழைந்து வெளியூர்ப் பயணிகளின் வரிசையில் நின்றுவிடுகிறார்கள். புறநகர் ரயில்கள் நிற்பதோ பின்புறம், பூந்தமல்லி நெடுஞ்சாலைப் பக்கம். மறுசீரமைப்புப் பணிகள் நடப்பதால் வழிகள் அவ்வப்போது மாறக்கூடும். காலையில் பத்து நிமிடம் கூடுதலாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். குளிர்சாதன மின்சார ரயிலில் சாதாரணச் சீசன் செல்லாது.

கடைக்காரர் எடுத்த டிக்கெட்டுக்குப் பணம் திரும்ப வராது; அதை மறந்துவிட்டு நாளைக்கே புதிதாக எடுங்கள். செயலி வேண்டாமென்றால், மகளின் அடையாள அட்டையுடன் கூடுவாஞ்சேரிக் கவுன்டருக்குச் சென்று, சீட்டில் அச்சாகும் எண்ணும் அட்டையிலுள்ள எண்ணும் ஒன்றுதானா என்று கவுன்டரை விட்டு நகருமுன் சரிபார்த்துக்கொள்ளுங்கள். மூன்று மாதச் சீசனின் விலை மாதச் சீசனைப் போல 2.7 மடங்குதான். முடிவதற்குப் பத்து நாள் முன்பிருந்தே புதுப்பிக்கலாம்.